பேரனுக்குச் சூரியன் கணக்கு

லேக் கார்டன்ஸ்,
கொல்கத்தா - 45



சூரியன் தீப்பற்றி எரிவதில்லை. தீ என்பது ஒரு பொருள் ஆக்சிஜனோடு சேர்வது. சூரியனில் அது நடப்பதில்லை. அதன் நிறை முழுவதும் ராணிகஞ்ச் நிலக்கரியாக இருந்து, ஆக்சிஜனும் கிடைத்திருந்தால்கூடச் சில ஆயிரம் ஆண்டுகளில் தீர்ந்திருக்கும். தன் எடையாலேயே சுருங்கி வெப்பம் தருகிறது என்று 19ஆம் நூற்றாண்டில் கெல்வினும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் போட்ட கணக்கும் சில கோடி ஆண்டுகளைத் தாண்டவில்லை. சூரியனுக்கு வயதோ சுமார் 460 கோடி. பாடத்தைத் தொடங்குமுன் இந்தக் கால அளவை மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இவ்வளவு காலம் அது எப்படி ஒளிர்கிறது என்பதற்கு விடை காண, சூரியன் எதனால் ஆனது என்று தெரிய வேண்டியிருந்தது. அதற்கு வழி காட்டியது இந்த ஊர். கல்கத்தா பல்கலைக்கழக விரிவுரையாளர் மேகநாத் சாகா 1920இல் அயனியாக்கச் சமன்பாட்டை வெளியிட்டார். வாயுவின் வெப்பநிலையும் அழுத்தமும் தெரிந்தால், அதன் அணுக்களில் எத்தனை பங்கு எலக்ட்ரானை இழந்திருக்கும் என்று அது சொல்லிவிடும். நிறமாலையில் ஒரு தனிமத்தின் கோடு மங்கலாகத் தெரிந்தால் அந்தத் தனிமமே குறைவு என்று முடிவுகட்டக் கூடாது என்பது அப்போது விளங்கியது. அதை வைத்து 1925இல் ஹார்வர்டில் செசிலியா பெய்ன், விண்மீன்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன்தான் என்று கணக்கிட்டார். மூத்த வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் நம்பவில்லை. அவர் பேச்சைக் கேட்டு, அந்த முடிவு மெய்யாக இருக்காது என்று பெய்ன் தம் ஆய்வேட்டிலேயே எழுதிவிட்டார். 1929இல் ரஸ்ஸலே அதை ஒப்புக்கொண்டார். பெரியவர்கள் சொல்லுக்கும் சான்று கேட்க வேண்டும். தாத்தா கடிதமும் அதற்கு விலக்கல்ல.

சூரியனின் மையத்தில் வெப்பநிலை சுமார் 1.5 கோடி டிகிரி. ஹைட்ரஜனின் அணுக்கருக்களாகிய புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்குபவை. அந்தச் சூட்டிலும் நெருக்கத்திலும் அபூர்வமாகச் சில இணைந்துவிடுகின்றன. படிப்படியாக நான்கு புரோட்டான்கள் ஒரு ஹீலியம் அணுக்கருவாகின்றன. அதன் நிறை அந்த நான்கின் கூட்டைவிட 0.7 சதவீதம் குறைவு. குறைந்த நிறை ஆற்றலாகிறது. 1920இல் வானியலாளர் எடிங்டன் ஊகித்த இதை 1939இல் இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தே அணுக்கரு வினைகளாக விரித்துக் காட்டினார். நொடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் இணைந்து, 40 லட்சம் டன்னுக்கு மேல் நிறை ஆற்றலாக மாறுகிறது. இத்தனைக்கும், மையத்தில் ஒரு கன மீட்டர் இடத்தில் பிறப்பது 300 வாட்டுக்கும் குறைவு. மூன்று சீலிங் ஃபேன் ஓடும், அவ்வளவுதான். சூரியனின் பிரகாசமெல்லாம் அதன் பருமனால் வந்தது.

அந்த ஆற்றல் அணுத்துகள்களில் மோதி மோதி மேற்பரப்புக்கு வரப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். சுமார் 5,500 டிகிரி செல்சியஸில் இருக்கும் மேற்பரப்பிலிருந்து லேக் கார்டன்ஸ் மொட்டைமாடிக்கு ஒளி வர 8 நிமிடம் 20 நொடி. இணைவில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் துகள்கள் மட்டும் எதிலும் சிக்காமல் நேரே வெளியேறிவிடும். உள்ளே நடப்பதற்கு நேரடிச் சாட்சி அவைதான்.

தேர்வில் ‘அணுக்கரு இணைவு’ என்று மட்டும் எழுதிவிட்டு வரக் கூடாது. நான்கு புரோட்டான்களின் நிறைக் கணக்கையும் போட்டுக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
தாத்தா