புள்ளியும் புற்றும்

மெய்யெழுத்தின் தலைமேல் இடும் புள்ளி அளவிற் சிறிது. ஆயினும் அதன் ஆற்றல் பெரிது. 'பல' என்னுஞ் சொல்லின் ஈற்றெழுத்தின்மேற் புள்ளியிடின் அது 'பல்' என்றாகின்றது. எழுத்தின் வடிவு மாறவில்லை. அதன்கண் ஒலித்த அகரம் மட்டும் அடங்கிற்று. பண்டை ஏடெழுதுவோர், ஓலை கிழியுமென அஞ்சிப் புள்ளியிடாது விட்டனர் என்பர். அதனாற் சுவடி பதிப்பித்த பெரியோர் உற்ற இடர் தமிழ் பயில்வார் அறிந்ததே. இத்தகையதொரு புள்ளி நம் உடலகத்தும் உளது. அது தடுமாறுதல் புற்றுநோய்க்கு வழிகோலும் காரணங்களுள் ஒன்றாம். அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

உயிரணுவின் கருவினுள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை சுருண்டு கிடக்கின்றது. அடினைன், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு பொருள்களே அவ்விழையின் எழுத்துக்கள். தந்தைவழி வந்த ஏட்டில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் உள. தாய்வழி வந்த ஏட்டினும் அத்துணையே. இன்ன புரதம் செய்க என அறிவிக்கும் எழுத்துத் தொடரை மரபணு என்பர்.

நிற்க. கண்ணின் உயிரணுவும் கல்லீரலின் உயிரணுவும் ஒரே ஏட்டை உடையனவாகவும், அவை தொழிலால் வேறுபடுதல் என்னை? எல்லாப் பகுதியும் எல்லாவிடத்தும் படிக்கப்படுவதில்லை என்பதே விடை. வேண்டாத பகுதிகளை அடக்கிவைக்கும் முறைகளுள் ஒன்று மெத்திலேற்றம். கார்பன் அணு ஒன்றும் ஹைட்ரஜன் அணு மூன்றும் கூடிய மெத்தில் என்னும் சிறு தொகுதி, பெரும்பாலும் தனக்குப்பின் குவானின் நிற்கப்பெற்ற சைட்டோசினிற் சென்று ஒட்டுகின்றது. மரபணுவின் தொடக்கத்தில் இக்குறிகள் செறியின் அம்மரபணு பேசாதொழியும். எழுத்து மாறவில்லை, ஒலி அடங்கிற்று. உயிரணு இரண்டாகப் பிரிதற்குமுன் டி.என்.ஏ. படியெடுக்கப்படுங்கால், பழைய இழையை நோக்கிப் புதிய இழையிற் புள்ளியிடுதற்கென்றே ஒரு நொதி உளது. அது கவனமுடைய ஏடெழுதுவோனை ஒக்கும்.

1948ஆம் ஆண்டில் ஹாச்கிஸ் என்பார் கன்றின் டி.என்.ஏ.வில் இவ்வேறுபட்ட சைட்டோசினைக் கண்டார். மரபணுவின் பேச்சையும் மௌனத்தையும் இக்குறியே ஆளக்கூடுமென, 1975ஆம் ஆண்டில் ஹாலிடே, பியூ என்னும் இருவரும், அவரின் வேறாக ரிக்ஸ் என்பாரும் எடுத்துரைத்தனர்.

இனி, இப்புள்ளி தடுமாறும் வகை இரண்டு. ஒன்று, இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமை. 1983ஆம் ஆண்டில் பைன்பெர்க், வோகல்ஸ்டைன் என்னும் இருவரும், மனிதரின் புற்றுக்கட்டியில் மெத்தில் குறிகள் அடுத்துள்ள நல்ல தசையினும் குறைந்திருத்தலைக் காட்டினர். அடங்கிக் கிடக்கவேண்டிய பகுதிகள் விழித்தெழின் டி.என்.ஏ. நிலைகுலைகின்றது.

மற்றொன்று, இருத்தலாகாத இடத்தில் இருத்தல். உயிரணு வரம்பின்றிப் பெருகாமற் காக்கும் மரபணுக்கள் சில உள. குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் புற்றுச் சிலவற்றில், அத்தகைய காவல் மரபணுவின் தொடக்கம் மெத்திலேறிக் கிடத்தலை 1989ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். பெருங்குடற் புற்றுச் சிலவற்றில், படியெடுக்கையில் நேரும் பிழைகளைத் திருத்தும் மரபணுவே இவ்வாறு வாயடைக்கப்படுகின்றது. பிழை திருத்துவார் இல்வழி ஏடு முழுதும் பிழை மலிதல் இயல்பன்றோ?

புள்ளிக் கோளாறு ஒன்றே புற்றுக்குக் காரணம் எனக் கொள்ளற்க. புகையிலை முதலியவற்றால் எழுத்துக்களே சிதைதலும் உண்டு. முதுமையும், நெடுநாள் நீங்காத அழற்சியும் புள்ளிகளை மாற்றுவன.

ஆயினும் சிதைந்த எழுத்தைத் திருத்துதலினும் ஒட்டிய புள்ளியை நீக்குதல் எளிதன்றோ என அறிஞர் கருதினர். செக்கோஸ்லோவாகியாவில் 1964ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட அசாசிட்டிடின் என்னும் மருந்து, புள்ளியிடும் நொதியைத் தடுத்தலை ஜோன்ஸ், டெய்லர் என்போர் 1980ஆம் ஆண்டில் விளக்கினர். எலும்பு மச்சையிற் குருதியணுக்கள் செவ்வனே முதிராத நோய்க்கு, 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அது ஒப்புதல் பெற்றது. அது சிலர்க்கு வாழ்நாளை நீட்டுகின்றது. வேண்டும் புள்ளி, வேண்டாப் புள்ளி என வேறுபாடு அறியாமை அதன் குறை. கட்டியாய்த் திரண்ட புற்றுக்களில் அதன் பயன் சுருங்கியதே.

புள்ளிகளின் மாற்றம் நோயை முன்னரே காட்டிக் கொடுத்தலும் உண்டு. பெருங்குடற் புற்றை அறிதற்கு, மலத்திற் கலந்துவரும் டி.என்.ஏ.வின் மெத்தில் குறிகளையும் நோக்கும் சோதனையொன்று 2014ஆம் ஆண்டில் அந்நாட்டிலேயே ஒப்புதல் பெற்றது.

புற்றுற்றாரை நோக்கித் 'தலையெழுத்து' என்பார் நம்மிடையே பலர். கிறித்தவராகிய நம்முள்ளும் அதனைப் பாவத்தின் பயன் எனப் பேசுவார் இல்லாமலில்லை. அச்சொல் நோயாளியை நாணச் செய்கின்றது. நாணம் நோயை மறைக்கச் செய்கின்றது. மறைத்த நோய் முற்றுகின்றது. பிறப்பில் வந்த எழுத்து மாறாதிருப்பவும் அதன்மேலிட்ட குறி மாறுதலையும், மாறிய குறியை ஓரளவு நீக்கக்கூடுதலையும் அறிந்த பின்னரும் அச்சொல்லை நாம் வழங்குதல் தகாது. நோயுற்றாரிடம் நாம் சொல்லத்தக்கது, காலந் தாழ்க்காது மருத்துவரைக் காண்க என்பதே. உடன் செல்லுதல் அதனினும் நன்று.