நெடுவழி நடையில் கால்களைக் காத்தல்

தோட்டத் தொழிலாளர்களுக்கு நடை புதியதன்று. விடியுமுன் பெரட்டுக் களத்திலிருந்து புறப்பட்டு, நிரை நிரையாக மரம் சீவி, மீண்டும் அதே வழியில் பால் எடுத்துத் திரும்புவதற்குள் அவர்கள் பல மைல் நடந்துவிடுகின்றனர். அத்தகையோரே பள்ளி விடுமுறையில் குடும்பத்துடன் ஒரு நாள் சுற்றுலா சென்று வந்த மறுநாள், கால் ஊன்ற இயலாமல் வருந்துவதும் உண்டு. உள்ளங்காலில் கொப்புளம், குதிகாலில் நோவு, இரவில் கெண்டைக்காலைப் பிடித்து இழுக்கும் குரக்குவலி ஆகியன உல்லாசத்தின் பயனைக் கெடுத்துவிடுகின்றன. மரம் சீவுவோருக்குக் கால் நொந்தால் அந்நாளின் வரும்படியும் குறையும். ஆகவே, இத்துன்பங்கள் எவ்வாறு தோன்றுகின்றன, அவற்றை எவ்வாறு தடுக்கலாம் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

தோட்ட நடையும் சுற்றுலா நடையும்

நாள்தோறும் நடப்பவருக்குச் சுற்றுலாவில் மட்டும் கால் நோவது ஏன்? இரு நடைகளுக்கும் இடையே நான்கு வேற்றுமைகள் உள்ளன.

முதலாவது, நிலம். தோட்டத்து மண் இலைச்சருகு படிந்து மென்மையாக இருக்கும். பட்டணத்துத் தார்ச்சாலையும் சிமெந்துத் தரையும் அவ்வாறு விட்டுக்கொடுப்பதில்லை. ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியையும் குதிகாலும் முழங்காலும் தாங்க வேண்டியுள்ளது.

இரண்டாவது, நேரம். மரம் சீவும் வேலை குளிர்ந்த விடியற்காலையில், மர நிழலில் நடைபெறுகிறது. சுற்றுலா நடையோ பெரும்பாலும் உச்சி வெயிலில் நிகழ்கிறது. வியர்வை மிகுதியாகி உடலின் நீரும் உப்பும் குறைகின்றன.

மூன்றாவது, நடையின் முறை. மரத்துக்கு மரம் நின்று, குனிந்து, நிமிர்ந்து செல்லும்போது தசைகளுக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கிறது. சுற்றுலாவில் இடைவிடாது நடக்கிறோம். அல்லது வரிசையில் நெடுநேரம் அசையாமல் நிற்கிறோம். நிற்பதும் கால்களுக்கு வேலையே.

நான்காவது, காலணி. தோட்டத்தில் பலர் அணிவது 'கம்போங் அடிடாஸ்' என்று வேடிக்கையாக வழங்கும் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து. சேற்றிலும் வழுக்கும் மேட்டிலும் அதற்கு ஈடில்லை. காடேறும் பட்டணத்தாரும் அதனை விரும்பி வாங்குவதுண்டு. ஆனால் சுற்றுலாவுக்கென்று அதை விடுத்து, அன்றுதான் கடையில் வாங்கிய புதிய சப்பாத்தையோ மெல்லிய சிலிப்பரையோ அணிந்து புறப்படுகிறோம். பழகாத காலணியே பாதித் துன்பத்திற்குக் காரணம்.

ஓர் எடுத்துக்காட்டு: தஞ்சோங் டாவாய்ப் பயணம்

கெடாவின் தென்பகுதித் தோட்டத்தார்க்கு அண்மையிலுள்ள ஓர் அழகிய வழியை எடுத்துக்கொள்வோம். சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரத்திலிருந்து புறப்படுவோர் மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருட்காட்சி சாலையைக் காணலாம். 1,217 மீட்டர் உயர்ந்த ஜெராய் மலையின் அடிச்சரிவில் அது அமைந்துள்ளது. அதனருகே மேட்டில் நிற்கும் புக்கிட் பத்து பகாட் சண்டி, 1930-களில் அகழ்ந்து ஆராயப்பட்டுப் பின்னர் சீரமைக்கப்பட்ட பழங்கோயிலின் அடித்தளமாகும். இராசேந்திர சோழனின் கடற்படை 1025-ஆம் ஆண்டளவில் வந்து சென்ற கடாரம் இந்நிலப்பகுதியே என்று வரலாற்றறிஞர் பலர் கூறுவர். அங்கிருந்து மெர்போக் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள தஞ்சோங் டாவாய் மீனவர் கிராமத்திற்குச் செல்லலாம். கருவாடும் பெலாச்சானும் வாங்கிய பின், படகேறி எதிர்க்கரையிலுள்ள பந்தாய் மெர்டேக்கா கடற்கரையை அடையலாம்.

வரைபடத்தில் இவ்வழி சிறியது. கால்களுக்கோ இது நான்கு வகைத் தேர்வு. காட்சி சாலையில் மேடேறி இறங்க வேண்டும். சந்தையில் ஈரத் தரையில் வழுக்காமல் நிற்க வேண்டும். துறையில் காத்திருக்க வேண்டும். கடற்கரையில் காலைப் புதைக்கும் மணலில் நடக்க வேண்டும். மணல் நடை கெண்டைக்கால் தசையை மிகுதியாக வருத்தும். அலையோரத்து இறுகிய ஈர மணலில் நடப்பதே எளிது. மேட்டிலிருந்து இறங்குவது எளிதென்று எண்ணுகிறோம். உண்மையில் இறங்கும்போது உடலைத் தாங்கிப் பிடிக்கும் தொடைத்தசைகள் நீண்டுகொண்டே வேலை செய்கின்றன. அதனால் ஓரிரு நாள் கழித்து நோவு தோன்றுகிறது. குறுகிய அடி வைத்து மெல்ல இறங்குக.

பயணத்தை அமைப்பதிலும் அறிவு வேண்டும். மேடேறும் பகுதியைக் காலைக் குளிர்ச்சியில் முடித்துவிடுக. உச்சிப்பொழுதை உணவுக்கும் ஓய்வுக்கும் ஒதுக்குக. கடற்கரையை வெயில் தாழ்ந்த பின் வைத்துக்கொள்க. குழுவின் வேகம் முதியோரின் வேகமாக இருத்தல் நன்று.

கொப்புளம் எவ்வாறு உண்டாகிறது?

காலணி ஒரு பக்கம் இழுக்க, உள்ளிருக்கும் எலும்பு மறுபக்கம் நகர, இடையிலுள்ள தோலின் அடுக்குகள் பிரிகின்றன. பிரிந்த இடத்தில் நீர் சேர்வதே கொப்புளம். ஈரத்தோல் உலர்ந்த தோலைவிட எளிதில் உராய்வுக்கு இடங்கொடுக்கும். எனவே உராய்வையும் ஈரத்தையும் குறைத்தால் கொப்புளமும் குறையும்.

சப்பாத்தை மாலையில் வாங்குக. பகல் முழுவதும் நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும் நேரம் அதுவே. நின்று பார்க்கும்போது மிக நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடமிருத்தல் வேண்டும். பயணத்திற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே அதை அணிந்து பழகுக. காலுறை இன்றிச் சப்பாத்து அணியாதீர். மாற்றுக் காலுறை ஒரு சோடி பையில் இருக்கட்டும். நண்பகலில் சப்பாத்தைக் கழற்றிக் காலைத் துடைத்து, விரலிடுக்கை உலர்த்தி, மாற்றுக் காலுறை அணிக.

நடக்கும்போது ஓரிடம் சூடாகவோ எரிச்சலாகவோ தோன்றினால் அங்கேயே நிற்க வேண்டும். 'போய்ச் சேர்ந்தபின் பார்ப்போம்' என்பதே தவறு. அவ்விடத்தில் ஒட்டுத்துணியை மடிப்பின்றி ஒட்டினால் கொப்புளம் பெரும்பாலும் தடுக்கப்படும். ஏற்கெனவே எழும்பிய சிறு கொப்புளத்தை உடைக்க வேண்டா. மேல்தோலே அதற்குக் காவல். தானே உடைந்துவிட்டால் தோலை உரிக்காமல் சோப்பும் தூய நீரும் கொண்டு கழுவி, சுத்தமான கட்டுப் போடுக.

தசைப்பிடிப்பு

'நரம்பு இழுத்துக்கொண்டது' என்று நாம் சொல்வது உண்மையில் தசை தன் விருப்பமின்றி இறுகிக்கொள்வதாகும். மிகுதியாக அது தாக்குவது கெண்டைக்காலையே. பழக்கத்திற்கு மேல் வேலை செய்து களைத்த தசையே இதற்கு முதற்காரணம். வெயிலில் நீரும் உப்பும் வியர்வையாய் வெளியேறுவது அதற்குத் துணையாகிறது. கருவுற்ற மகளிர்க்கும் முதியோர்க்கும், சிறுநீர் பெருக்கும் மருந்து உண்போர்க்கும் இது எளிதில் வருகிறது.

பிடித்துக்கொண்டால் செய்ய வேண்டியவை: உட்கார்ந்து முழங்காலை நீட்டுக. கால்விரல்களைக் கையாலோ, எட்டாவிடில் துண்டை மாட்டியோ, முகத்தை நோக்கி மெல்ல இழுத்து அரை நிமிடம் பிடித்திருக்க. வேகமாகச் சொடுக்கி இழுத்தல் கூடாது. இறுக்கம் தளர்ந்தபின் மெதுவாகத் தடவி, சில அடி நடந்து பார்க்க.

வராமல் தடுக்க வழி முன்பயிற்சியே. நான்கு வாரங்களுக்கு முன்பிருந்து, வாரத்தில் மூன்று நான்கு மாலைகளில், சப்பாத்து அணிந்து தார்ச்சாலையில் நடக்க. முதல் வாரம் இருபது நிமிடம். பின்னர் வாரந்தோறும் சிறிது கூட்டுக. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னே நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்சாய்ந்தால் கெண்டைக்கால் நீள்வதை உணரலாம். ஒவ்வொரு காலுக்கும் அரை நிமிடமாக மும்முறை, காலையிலும் உறங்குமுன்னும் செய்க. எழுந்தவுடன் முதல் சில அடிகளில் குதிகால் குத்துபவருக்கும் இப்பயிற்சி நன்மை தரும்.

தாகம் தோன்றும் வரை காத்திராமல் அடிக்கடி சிறிது சிறிதாக நீர் அருந்துக. உப்பிட்ட கஞ்சியும் வழக்கமான உணவும் இழந்த உப்பை ஈடு செய்யும். உப்பு மாத்திரை தேவையில்லை. இரத்த அழுத்தம் உள்ளோர் உப்பைத் தாமாகவே கூட்டிக்கொள்ளலாகாது. சிறுநீரகம் அல்லது இருதய நோயால் நீரை அளந்து குடிக்கும்படி கூறப்பட்டோர் அவ்வளவையே பின்பற்றுக.

வெறுங்கால் நேர்த்திக்கடன்

நம்மவர் நடைகளில் மிகப் பெரியது தைப்பூச நடை. பத்துமலையில் 272 படிகள். பினாங்குத் தண்ணீர்மலையில் 513 படிகள். இவற்றை வெறுங்காலுடன் ஏறுவோர் பலர். பக்தியைத் தடுப்பது இப்பாடத்தின் நோக்கமன்று. காலைக் காப்பதும் கடமையே என்பதை நினைவூட்டுவதே நோக்கம். நண்பகல் வெயிலில் தார்ச்சாலை 50 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறும். அது தோலைச் சுட்டுப் புண்ணாக்க வல்லது. ஆதலால் இரவிலோ விடியற்காலையிலோ நடப்பது நன்று. முன்னரே வீட்டு முற்றத்தில் சிறிது சிறிதாக வெறுங்காலால் நடந்து தோலைப் பழக்குக. நேர்த்திக்கடன் முடிந்ததும் காலைக் கழுவி உலர்த்தி, முள்ளோ கண்ணாடித் துண்டோ தைத்துள்ளதா என்று பார்க்க.

இனிப்புநீர் நோயுடையோர் கவனத்திற்கு

இப்பாடத்தில் தலையாய பகுதி இதுவே. 2019-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 18 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்திய வம்சாவளியினரிடையே அது ஏறத்தாழ நூற்றுக்கு 31 பேர். நோயுடையோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் தமக்கு அந்நோய் இருப்பதை அறியாதிருந்தனர்.

நீரிழிவு நாட்பட்டால் பாதத்தின் உணர்ச்சி மங்குகிறது. இரத்த ஓட்டமும் குறைகிறது. சப்பாத்துக்குள் கல் கிடந்தாலும் தெரியாது. தார்ச்சாலை சுட்டாலும் தெரியாது. வலியில்லாத புண் கவனிக்கப்படாமல் அழுகி, இறுதியில் விரலையோ காலையோ அகற்றும் நிலைக்குக் கொண்டு செல்கிறது. வலி நமக்குப் பகைவன் அன்று, காவற்காரன். அக்காவற்காரன் உறங்கிவிட்டபோது கண்ணே காவல் புரிய வேண்டும்.

ஆதலின் இந்நோயுடையோர் வெறுங்காலுடன் நடத்தலாகாது. கடல் மணலிலும் காலணி வேண்டும். அணியுமுன் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். இரவில் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைக் காண வேண்டும். கண் மங்கியோர்க்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். கால் நோவுக்கு வெந்நீரில் அமிழ்த்துவது கூடாது. சூடு தெரியாமல் வெந்துவிடும். கொப்புளம் கண்டால் தாமே குத்தாமல் கிளினிக்கிற்குச் செல்க. வெறுங்கால் நேர்த்திக்கடன் கொண்டோர் மருத்துவரைக் கலந்தபின், வேறு வகையில் அதை நிறைவேற்றுவதே அறிவுடைமை.

கெடாவில் மற்றோர் எச்சரிக்கையும் தேவை. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமி, காலின் வெடிப்பு வழியே புகுந்து மெலியோய்டோசிஸ் என்னும் கடுநோயை உண்டாக்குகிறது. நீரிழிவுடையோரையே அது மிகுதியாகத் தாக்குகிறது. புண்ணுள்ள காலுடன் சேற்றிலும் அருவி நீரிலும் இறங்க வேண்டா.

உடனே மருத்துவரை நாட வேண்டிய அறிகுறிகள்

எல்லாக் கால்வலியும் களைப்பால் வருவதன்று. நெடுநேரப் பேருந்துப் பயணத்தின் பின் ஒரு கால் மட்டும் வீங்கி, சூடேறி, கெண்டைக்கால் நொந்தால் உள்நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். அதனைப் பிசைந்து தேய்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்க. அத்துடன் மூச்சுத் திணறலோ மார்புவலியோ தோன்றினால் 999 எண்ணை அழைக்க. குறிப்பிட்ட தொலைவு நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றதும் நீங்குமாயின் இரத்தக்குழாய் சுருங்கியிருக்கலாம். புகைபிடிப்போர்க்கு இது மிகுதி. புண்ணைச் சுற்றிச் சிவந்து காய்ச்சல் கண்டாலும் தாமதம் கூடாது.

நினைவிற் கொள்க

1. புதிய சப்பாத்தைப் பயணத்தன்று முதன்முதல் அணியற்க.
2. நான்கு வாரம் முன்னரே நடைப் பயிற்சி தொடங்குக.
3. மேடேறுதல் காலையில், ஓய்வு நண்பகலில்.
4. எரிச்சல் தோன்றிய இடத்திலேயே நின்று ஒட்டுத்துணி ஒட்டுக.
5. பிடிப்பு வந்தால் விரலை முகம் நோக்கி மெல்ல இழுக்க.
6. நீரிழிவுடையோர் நாள்தோறும் பாதத்தைப் பார்க்க.

பயிற்சி வினாக்கள்

1. தோட்ட நடைக்கும் சுற்றுலா நடைக்கும் உள்ள வேற்றுமைகள் நான்கினைக் கூறுக.
2. கொப்புளத்தின் மேல்தோலை ஏன் உரிக்கலாகாது?
3. வலியில்லாத புண் வலியுள்ள புண்ணைவிட அபாயமாவது எவ்வாறு?
4. தங்கள் குடும்பத்தில் 18 வயதைக் கடந்தோருள் எத்தனை பேர் இரத்தத்தில் இனிப்பின் அளவைச் சோதித்துள்ளனர்? சோதிக்காதோரை அடுத்த பயணத்திற்கு முன் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்க.