முன்னே ஓடு, பின்னே கொடு!



தலைப்பைக் கண்டதும், "முன்னே ஓடுகிறவன் பின்னே எப்படிக் கொடுப்பான்?" என்று தங்களிற் சிலர் கேட்கக்கூடும். ரக்பி என்னும் பந்தாட்டத்தின் தலையாய சட்டம் இது. நல்லாசிரியர் ஒருவரின் வாழ்க்கைச் சட்டமும் இதுவேயாகும். கடையும் கணக்குமாய் இருக்கும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

1. ஆட்டமும் அதன் சட்டமும்

ரக்பியில் பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்து முட்டை வடிவமானது. அதைக் கையிலேந்தி ஓடி, எதிர்க் கட்சியின் எல்லைக் கோட்டைத் தாண்டித் தரையிற் பதிக்க வேண்டும். காலால் முன்னே உதைக்கலாம். கையால் முன்னே எறியக் கூடாது. எதிரிகள் மடக்கிப் பிடிக்க வரும்போது, பக்கவாட்டிலோ பின்னாலோ ஓடிவரும் தோழனிடந்தான் பந்தைத் தர வேண்டும். எத்துணை வேகமாய் ஓடுகிறவனாயினும், தன் பின்னால் யார் வருகிறார் என்று அறியாதவன் இவ்வாட்டத்துக்கு உதவான்.

2. நம் மண்ணில் ரக்பி

மலாயாவுக்கு இவ்விளையாட்டு வெள்ளைக்கார அதிகாரிகளுடனும் தோட்டத் துரைமார்களுடனும் வந்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களின் பணத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்குக் கட்டிக் கொடுக்கப்பட்ட போர்க்கப்பல் 'மலாயா'. 1921-ம் ஆண்டில் அது இங்கு வந்தபோது, கப்பலைச் சேர்ந்தவர்கள் கால்பந்துக்கொன்றும் ரக்பிக்கொன்றுமாகக் கோப்பைகளை வழங்கினர். கப்பலுக்குப் பணம் ஈந்த நாட்டில், பால்மரம் வெட்டியவர்களின் உழைப்பும் அப்பணத்தில் கலந்திருந்தது. ஆயினும் அக்காலத்தில் ரக்பித் திடல் பெரும்பாலும் துரைமார்களுக்கே உரியதாயிருந்தது.

3. நான்கு ஆட்டங்களில் ஒரு தமிழர்

அத்திடலிற் கால்வைத்துப் பெயரெடுத்த தமிழர் ஒருவர் ஆறுமுகம் விஜயரத்தினம். 1921-ம் ஆண்டிற் பிறந்தவர், தொழிலாற் பொறியியலாளர். ரக்பி, கிரிக்கெட், கால்பந்து, ஹாக்கி ஆகிய நான்கு ஆட்டங்களிலும் சிங்கப்பூரின் சார்பில் ஆடியவர் என்ற அரிய பெருமை அவருடையது.

1956-ம் ஆண்டில் மெல்பர்ன் ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சென்ற சிங்கப்பூர் ஹாக்கிக் குழுவில் அவர் இடம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 35. அக்குழு ஆப்கானிஸ்தானையும் அமெரிக்காவையும் வென்றது. அவ்வாண்டு தங்கப் பதக்கம் பெற்ற இந்தியாவிடம் 0-6 என்று தோற்றது. கணக்குப் பேரேட்டில் லாபமும் நஷ்டமும் பக்கத்தில் பக்கமாய் நிற்பதுபோல வெற்றியும் தோல்வியும் ஒரே வாரத்தில் வந்தன. இரண்டையும் பொறுத்துக்கொள்ளும் பயிற்சியைத் திடல் தருகிறது.

நாம் கருதவேண்டியது அதற்குப் பின் நடந்ததாகும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இணைவேந்தராக 1992 முதல் 2005 வரை அவர் பணியாற்றினார். பதவி ஏற்றபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. 2016-ம் ஆண்டில், தமது 94-ம் வயதில் காலமானார்.

அப்பல்கலைக்கழகம் நிற்கும் நிலத்தின் கதையை வியாபாரிகளாகிய நாம் அவசியம் அறிய வேண்டும். 1950-களில் அங்கே முதலில் எழுந்தது நன்யாங் பல்கலைக்கழகம். அதற்கு முன்னின்றவர் டான் லார்க் சை என்னும் ரப்பர் வியாபாரி. தாமே 50 லட்சம் வெள்ளி கொடுத்தார். ஹொக்கியேன் சங்கம் நிலம் கொடுத்தது. திரிஷா மிதிப்பவர்கள் தங்கள் நாட்கூலியைக் கொடுத்தார்கள். கடைக்காரரும் கூலிக்காரரும் சேர்ந்து தொடங்கிய அவ்வளாகத்தில் 1981-ல் தொழில்நுட்பக் கழகம் அமைந்து, 1991-ல் அது இன்றைய பல்கலைக்கழகமாயிற்று.

4. ஆட்டக்காரர் தலைமையாசிரியராகிறார்

ரக்பித் திடலிலிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்குச் சென்றவர் ஒருவர் இங்கிலாந்தில் உண்டு. அவர் பெயர் இயன் பியர். 1931-ம் ஆண்டிற் பிறந்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். 1955-ம் ஆண்டில் இங்கிலாந்துக்காக இரண்டு சர்வதேச ஆட்டங்கள் ஆடினார். அவற்றுள் ஒன்று ஸ்காட்லாந்துக்கு எதிரான கல்கத்தாக் கோப்பை ஆட்டம். இங்கும் ஒரு வேடிக்கையைப் பாருங்கள்: கல்கத்தாவிலிருந்த ரக்பிச் சங்கம் கலைந்தபோது, பாங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கிக் கோப்பையாகச் செய்து, 1878-ல் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். கணக்கு மூடியபோதும் முதல் வீணாகவில்லை.

பியர் சில காலம் ஆசிரியராயிருந்தபின், 1961-ல் எல்ஸ்மியர் பள்ளிக்கும், 1969-ல் லான்சிங் பள்ளிக்கும், 1981-ல் ஹாரோ பள்ளிக்கும் தலைவரானார். ஹாரோ என்பது ஜவஹர்லால் நேரு படித்த பள்ளி. பத்தாண்டு அங்கே பணிபுரிந்தபின், 1993-ல் இங்கிலாந்து ரக்பிச் சங்கத்தின் தலைவருமானார். திடலில் அவர் நின்றது இரண்டே சர்வதேச ஆட்டங்கள். தலைமையாசிரியர் நாற்காலியிலோ முப்பது ஆண்டுகள். ஓடிய தூரம் குறைவு, பின்னால் வந்தவர்களுக்குக் கொடுத்த காலம் நீண்டது.

5. நமக்குரிய பாடம்

சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ், தம்பின் சுற்று வட்டாரத் தோட்டங்களை நம்பி நம் முன்னோர் கடை வைத்தார்கள். துணி மூட்டையைச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு லயம் லயமாய்ச் சென்றார்கள். சம்பள நாளன்று பற்றை வசூலித்தார்கள். தோட்டத்துப் பிள்ளையும் நம் பிள்ளையும் பல ஊர்களில் ஒரே வாங்கில் அமர்ந்து எழுத்துக் கற்றனர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டுமென்று 1923-ம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அச்சட்டத்தின் பயனாய் முளைத்த பள்ளிகள் எத்தனையோ. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் நகரத்துக்குப் போயின. பள்ளிகள் சிலவற்றில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது.

இந்நிலையில் நம்மிற் பலர் செய்வதென்ன? பையன் பள்ளி விட்டு வந்ததும் கல்லாவில் உட்கார வைக்கிறோம். "பந்து சோறு போடுமா?" என்று கேட்கிறோம். பந்து சோறு போடாது, மெய்தான். ஆனால் விழுந்தால் எழுவதும், நடுவரின் தீர்ப்புக்கு அடங்குவதும், தோழனை நம்பிக் கைப்பொருளைக் கொடுப்பதும் திடலிற் கற்கும் பாடங்கள். இவை மூன்றும் இல்லாதவனிடம் கடைச் சாவியைக் கொடுக்க எந்தத் தகப்பனார் துணிவார்? ஆகவே மாலையில் ஒரு மணி நேரம் அவனைத் திடலுக்கு விடுங்கள். அந்த ஒரு மணியால் வியாபாரம் நொடித்துவிடாது.

மற்றொன்று. படித்து உயர்ந்த நம் பிள்ளைகள், ஓய்வு பெற்ற நம் பெரியவர்கள், தாங்கள் படித்த பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ மேலாளர் வாரியத்திலோ ஒரு நாற்காலியை ஏற்க வேண்டும். நன்கொடை கொடுத்துப் பெயரைப் பலகையில் எழுதுவது நன்று. மாதமொரு முறை நேரிற் சென்று உட்காருவது அதனினும் நன்று. எழுபதைக் கடந்த விஜயரத்தினம் அதைச் செய்தார்.

சிந்தனைக்கு:

(1) தங்கள் கடைக்கு அருகிலுள்ள பள்ளியில் இவ்வாண்டு எத்தனை பிள்ளைகள்? அவர்கள் ஆடத் திடல் உண்டா?

(2) தங்கள் மகன் எந்த ஆட்டத்தில் எந்த இடத்தில் நிற்கிறான் என்று தங்களுக்குத் தெரியுமா?

(3) தாங்கள் கையிலேந்தி ஓடிவந்த பந்தை வாங்கிக்கொள்ள, பின்னால் ஓடிவருகிறவர் யார்?