ஓடும் ரவுட்டரில் கார்டு மாற்றுகிறீர்களா? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஜூனிப்பர் எம்எக்ஸ்960 ரவுட்டர் 16 ரேக் யூனிட் உயரம், 14 ஸ்லாட் கொண்டது. எம்பிசி எனப்படும் லைன் கார்டுகள்தான் அதில் போக்குவரத்தைச் சுமக்கின்றன. பல எம்பிசிகளில் எம்ஐசி எனப்படும் சிறிய இடைமுகக் கார்டுகள் இரண்டு வரை மாட்டலாம். கார்டுகளை ஒன்றோடொன்று இணைப்பது எஸ்சிபி. ரவுட்டிங் எஞ்சின் அமர்ந்திருப்பதும் அதற்குள்தான். ரவுட்டரை அணைக்காமலே கார்டுகளை மாற்றலாம். ஆனால் அந்த வசதி, வரிசை தவறாமல் செய்பவருக்கே உதவும். ஒரு கார்டை நம்பி ஆயிரக்கணக்கான வீடுகளும் அலுவலகங்களும் இருக்கக்கூடும் என்பதால் இந்தப் பட்டியலைக் கையோடு வைத்திருங்கள்.

வேலை தொடங்கும் முன்

செய்ய வேண்டியவை:

- புதிய கார்டை, ரவுட்டரின் இயக்க மென்பொருளான ஜூனோஸின் உங்கள் பதிப்பு ஆதரிக்கிறதா என்று பாருங்கள். ஆதரிக்காவிட்டால் கார்டு ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கும், வேலை செய்யாது.
- எஸ்சிபியின் தலைமுறையைப் பாருங்கள். பழைய எஸ்சிபியோடு அதிவேக எம்பிசியைச் சேர்த்தால் கார்டின் முழு வேகம் கிடைக்காது. சில எம்பிசிகளுக்கு உயர்திறன் ஃபேன் ட்ரே கட்டாயம். மின்வழங்கியில் மிச்சம் இருக்கிறதா என்றும் கணக்குப் போடுங்கள்.
- எந்த இடைமுகங்கள் இயங்குகின்றன, ஒவ்வொரு போர்ட்டிலும் வரும் ஒளி எவ்வளவு, ஏற்கெனவே என்னென்ன அலாரம் இருக்கின்றன என்று எடுத்து வையுங்கள்.
- ரவுட்டிங் மெட்ரிக்கை உயர்த்தி, போக்குவரத்தை மாற்றுப் பாதைக்குத் திருப்பி, போர்ட் காலியானதைக் கண்ணால் பார்த்தபின் கார்டைத் தொடுங்கள்.

செய்யக்கூடாதவை:

- ஸ்லாட் எண்ணை ஊகிக்காதீர்கள். இடைமுகப் பெயரில் 3/0/1 என்று இருந்தால் 3 என்று எண்ணிட்ட ஸ்லாட்டின் கார்டு, அதில் பிக் (போர்ட்டுகளின் தொகுதி) 0, போர்ட் 1 என்று பொருள். எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால் இடமிருந்து எண்ணினால் அது நான்காவது கார்டு. தவறான கார்டைப் பிடுங்குவது பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.
- 2/6 என்று குறித்த ஸ்லாட்டை வெறும் லைன் கார்டு இடமாக நினைக்காதீர்கள். மூன்றாவது எஸ்சிபி உட்காரும் இடமும் அதுவே. அங்கே எஸ்சிபி இருந்தால் லைன் கார்டுகளுக்கு மிஞ்சுவது 11 ஸ்லாட்.

கழற்றும்போதும் மாட்டும்போதும்

செய்ய வேண்டியவை:

- மணிக்கட்டுப் பட்டையைக் கட்டி, சேசிஸில் உள்ள இஎஸ்டி (நிலைமின் தடுப்பு) புள்ளியில் இணையுங்கள். உடலில் ஏறத்தாழ 3000 வோல்ட் சேர்ந்தால்தான் விரலில் சுருக்கென்று தெரியும். அதைவிடப் பல மடங்கு குறைந்த மின்னழுத்தமே சிப்பைக் கெடுத்துவிடும். அப்படிக் கெட்ட சிப் அன்றே சாகாமல், மாதங்கள் கழித்துக் காரணம் தெரியாத பழுதாகத் தலைகாட்டலாம்.
- கட்டளை கொடுத்தோ, ஆன்லைன் பொத்தானை அழுத்திப் பிடித்தோ கார்டை ஆஃப்லைன் ஆக்குங்கள். எல்இடி அணைந்தபின் இழுங்கள்.
- இரண்டு எஜெக்டர் கைப்பிடிகளையும் ஒரே நேரத்தில் இயக்கி, நேராக இழுங்கள், நேராகத் தள்ளுங்கள்.

செய்யக்கூடாதவை:

- மாஸ்டராக ஓடும் ரவுட்டிங் எஞ்சினை அப்படியே உருவாதீர்கள். பொறுப்பை பேக்கப்புக்கு மாற்றி, முறைப்படி நிறுத்திய பிறகே கை வையுங்கள். எஸ்சிபியை இழுத்தால் அதிலுள்ள எஞ்சினும் சேர்ந்தே வரும்.
- பின்புற கனெக்டரைப் பிடித்துத் தூக்காதீர்கள். கழற்றிய கார்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள்.
- கார்டு இறுகினால் பலம் காட்டாதீர்கள். வெளியே எடுத்து, வழித்தடத்தில் சரியாக உட்கார்ந்ததா, கனெக்டரில் ஊசி வளைந்ததா என்று பாருங்கள். வளைந்த ஊசியோடு அழுத்தினால் கார்டோடு, கார்டுகள் பொருந்தும் சேசிஸின் மிட்பிளேனும் பழுதாகும். மிட்பிளேனை மாற்ற ரவுட்டரையே நிறுத்த வேண்டியிருக்கும்.

ஃபைபரும் ஆப்டிக்கும்

செய்ய வேண்டியவை:

- ஒவ்வொரு ஃபைபருக்கும் இரு முனைகளிலும் லேபிள் ஒட்டிய பிறகே கழற்றுங்கள்.
- முனையை ஸ்கோப்பில் பாருங்கள், துடையுங்கள், மறுபடி பாருங்கள். சிங்கிள்மோட் ஃபைபரில் ஒளி ஓடும் மையம் ஏறத்தாழ 9 மைக்ரான்தான். அதை மறைக்க ஒரு தூசித் துகள் போதும்.
- காலியான ஆப்டிக்குக்கும் ஃபைபர் முனைக்கும் உடனே மூடி போடுங்கள்.

செய்யக்கூடாதவை:

- ஃபைபர் முனையையோ போர்ட்டையோ கண்ணால் உற்றுப் பார்க்காதீர்கள். 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் கண் இமைக்கவும் இமைக்காது.
- 80 கிலோமீட்டர் போகும் இசட்ஆர் ஆப்டிக்குகளைச் சோதனைக்காகச் சிறு பேட்ச் கார்டால் நேரே இணைக்காதீர்கள். நடுவில் அட்டெனுவேட்டர் இல்லாவிட்டால் ரிசீவர் பழுதாகலாம்.
- ஃபைபரை மடக்கிக் கட்டாதீர்கள், அதன் எடை கனெக்டரில் தொங்கும்படியும் விடாதீர்கள்.

காற்றும் தூசியும்

செய்ய வேண்டியவை:

- காலி ஸ்லாட்டில் பிளாங்க் பேனல் மாட்டுங்கள். இல்லாவிட்டால் கார்டுகளுக்கு நடுவே போக வேண்டிய காற்று அந்த ஓட்டை வழியே கசிந்துவிடும்.
- காற்று வடிகட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

செய்யக்கூடாதவை:

- மாற்று ஃபேன் ட்ரே கையில் இல்லாமல் பழையதைக் கழற்றாதீர்கள்.
- ரவுட்டர் இருக்கும் அறையில் அட்டைப்பெட்டியைப் பிரிக்காதீர்கள். அட்டைத் தூள் நேரே வடிகட்டிக்கும் ஆப்டிக்குக்கும் போகும்.

வேலை முடிந்தபின்

செய்ய வேண்டியவை:

- கார்டு ஆன்லைன் ஆனதும் முன்பு எடுத்துவைத்த பட்டியலோடு ஒவ்வொரு போர்ட்டையும் ஒப்பிடுங்கள். ஒளி அளவு குறைந்திருந்தால் முனையை மீண்டும் துடையுங்கள்.
- பிழை எண்ணிகளைப் பூஜ்யமாக்கி, சிறிது நேரம் கவனித்து, ஏறாததை உறுதிசெய்த பிறகு போக்குவரத்தைத் திருப்புங்கள்.

செய்யக்கூடாதவை:

- பச்சை விளக்கு எரிந்ததும் வேலை முடிந்ததாக எண்ணாதீர்கள். இணைப்பு உயிரோடு இருந்தபடியே பாக்கெட்டுகள் கெட்டுக்கொண்டிருக்கலாம்.
- கழற்றிய கார்டை வெறுமனே அலமாரியில் வைக்காதீர்கள். நிலைமின் தடுப்புப் பையில் போட்டு, சீரியல் எண்ணையும் பழுதையும் எழுதி ஒட்டுங்கள்.

அணியில் புதிதாக வருபவர்களிடம் இந்தப் பட்டியலை முதல் நாளே கொடுங்கள். அடுத்த பராமரிப்பு நேரத்தில் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் செய்யட்டும். அவசரமான இரவில் நம்மைக் காப்பாற்றுவது இந்தப் பழக்கம்தான்.