ஃபைபர் இணைப்புக்குப் புதிய ரவுட்டர் வாங்கப் போகிறீர்களா? முழுமையான வழிகாட்டி

100 எம்பிபிஎஸ் திட்டத்திலிருந்து 300-க்கு மாறி ஒரு மாதம் ஆகியும், எங்கள் வீட்டில் வேகம் 94-ஐத் தாண்டவில்லை. இரண்டு முறை புகார் கொடுத்தேன். கடைசியில் பார்த்தால், ரவுட்டரின் பின்னால் இருந்த போர்ட்டின் உச்ச வேகமே 100தான். வாங்கும்போது நான் கவனித்தது அதன் நான்கு ஆன்டெனாக்களை மட்டும். அந்தச் செலவும் அலைச்சலும் உங்களுக்கு வேண்டாம்.

படி 1: பழுது எங்கே?

லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்து வேகத்தைப் பாருங்கள். கேபிளில் முழு வேகம் வந்து, வைஃபையில் மட்டும் குறைகிறதா? அப்படியானால் முதலில் ரவுட்டரை இடம் மாற்றிப் பாருங்கள். அப்போதும் தேறாவிட்டால் புதியது வாங்கலாம். ஃபைபர் நுழையும் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மினுக்கினால் ஒளி சிக்னலே வரவில்லை என்று பொருள். ஃபைபர் எங்கோ மடங்கியிருக்கலாம், அறுந்திருக்கலாம். எந்த ரவுட்டரும் அதைத் தீர்க்காது. இணைப்பு தந்த நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும்.

படி 2: ஓஎன்டியைக் கழற்றாதீர்கள்

மெல்லிய ஃபைபர் கேபிள் நுழையும் பெட்டிதான் ஓஎன்டி. ஒளியை மின் சிக்னலாக மாற்றுவது அதன் வேலை. பல வீடுகளில் ரவுட்டரும் அதற்குள்ளேயே இருக்கும். அது பொதுவாக நிறுவனத்தின் கணக்கில் பதிவான பெட்டி. லேண்ட்லைன் போனும் அதில்தான் ஓடும். அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதன் லேன் போர்ட்டிலிருந்து புதிய ரவுட்டரின் வான் போர்ட்டுக்கு ஒரு கேபிள் போட்டால் போதும்.

படி 3: நிறுவனத்திடம் நான்கு கேள்விகள்

- ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையைப் புதிய ரவுட்டருக்கே விட்டுவிடும் முறை) மாற்றித் தருவீர்களா?
- பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்ட் என்ன?
- விலான் எண் ஏதும் போட வேண்டுமா?
- பழைய கருவியின் மேக் முகவரியோடு இணைப்பைப் பூட்டியிருக்கிறீர்களா?

பிரிட்ஜ் மோடு கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். புதிய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் வைத்து, பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

படி 4: அட்டைப்பெட்டியில் படிக்க வேண்டியவை

போர்ட்: திட்டம் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் என்றால் வான், லேன் இரண்டும் கிகாபிட்டாக இருக்க வேண்டும்.

தலைமுறை: 2019-ல் சான்றளிப்பு தொடங்கிய வைஃபை 6 இன்று பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். 2024-ல் வந்த வைஃபை 7-க்குக் கூடுதல் பணம் கொடுக்குமுன், உங்கள் போனும் லேப்டாப்பும் அதை ஏற்குமா என்று பாருங்கள்.

எண்: ஏஎக்ஸ்3000 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2402 எம்பிபிஎஸ் என்ற இரண்டின் கூட்டல். ஒரே போனுக்கு அத்தனையும் கிடைக்காது.

தவிர்க்க: ஏடிஎஸ்எல் என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள். அது பழைய தொலைபேசிக் கம்பிக்கானது.

படி 5: வீட்டின் சுவர்களைக் கணக்கில் எடுங்கள்

5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் அதை வெகுவாகக் குறைத்துவிடும். ஒரே தளம், இரண்டு படுக்கையறை என்றால் ஒரு ரவுட்டரே போதும். வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள். டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோவை ஒட்டியோ வேண்டாம்.

மாடி வீட்டுக்கு மெஷ், அதாவது பல யூனிட்டுகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் அமைப்பு, நல்லது. எங்கள் வீட்டில் சிக்னல் மாடிப்படித் திருப்பம் வரைதான் எட்டியது. தங்கை அந்தப் படியில், மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்துதான் ஆன்லைன் வகுப்பைக் கவனித்தாள். கேட் 6 கேபிளை மேலே இழுத்து, அதில் இரண்டாவது மெஷ் யூனிட்டை இணைத்த அன்றுதான் தன் மேசைக்குப் போனாள். முடிந்தால் யூனிட்டுகளை இப்படிக் கேபிளாலேயே இணையுங்கள்.

படி 6: பொருத்திய அன்றே செய்ய வேண்டியவை

- அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.
- ஃபர்ம்வேரை அப்டேட் செய்யுங்கள்.
- டபிள்யூபிஎஸ் வசதியை அணையுங்கள்.
- எல்லாக் கருவிகளும் ஏற்றால் டபிள்யூபிஏ3 பாதுகாப்பைத் தேர்ந்தெடுங்கள்.
- மின்வெட்டுக்கு மினி யுபிஎஸ் வாங்கினால், அடாப்டரின் வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பார்த்து வாங்குங்கள். ஓஎன்டி, ரவுட்டர் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். ஒன்று அணைந்தாலும் நெட் போய்விடும்.

கடைக்குக் கிளம்புமுன் திட்டத்தின் வேகம், நான்கு கேள்விகளுக்கான பதில், வீட்டின் தளங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை வைத்துப் பேசினால், ஆன்டெனாவை எண்ண வேண்டிய தேவையே வராது.