மின்னதிர்ச்சிக் காப்பு

சென்னைக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை விரிந்துள்ள தொழிற்களத்தில் மோட்டார் வண்டிகளும் கைபேசிகளும் வீட்டுச் சாதனங்களும் உற்பத்தியாகின்றன. அவற்றுட் பல கடல் கடந்துஞ் செல்கின்றன. மின்சாரப் பொருளொன்றை எந்நாட்டார் தொடினும் அதிர்ச்சியுறாமற் காக்கும் முறை எங்கும் ஒன்றாயிருத்தல் வேண்டுமன்றோ? அம்முறையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1906-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் தோன்றிய சர்வதேச மின்தொழில்நுட்பக் கழகம், ஐ.இ.சி. எனச் சுருங்க வழங்கப்படுவது. கெல்வின் பிரபு அதன் முதல் தலைவராவார். மின்னதிர்ச்சிக் காப்புக்கென அக்கழகம் வகுத்த நியமம் 61140 என்னும் எண்ணுடையது. அதன் சாரம் இது: அபாயமான மின்னழுத்தமுள்ள உறுப்பு கைக்கு எட்டலாகாது; கைக்கு எட்டும் உலோகப் பகுதி அத்தகைய மின்னழுத்தம் பெறலாகாது. கருவி செவ்வையாயிருக்கும்போது மட்டுமன்றி, அதன்கண் ஒரு பழுது நேர்ந்தவிடத்தும் இவ்விதி செல்லும். பழுது நேராதென்று நம்பியிராமல், நேருமென்றே கொண்டு இரண்டாங் காப்பை முன்னரே அமைப்பது இந்நியமத்தின் சிறப்பாகும்.

இதனை இரு பொருள்களிற் காண்போம். கைபேசி சார்ஜரில் சதுரத்துட் சதுரமாக ஒரு குறி காணப்படும். ஓர் உறை பழுதுறினும் மற்றோர் உறை காக்கும் என்பது அதன் பொருள். அதற்கு நிலக்கம்பி வேண்டுவதில்லை. உலோகக் கூடுடைய சலவை யந்திரமோ வேறு வகையினது. உள்ளிருக்குங் கம்பியின் உறை கிழிந்து கூட்டைத் தொடின், மின்சாரம் பிளக்கின் மூன்றாம் முளை வழியே, 'எர்த்' எனப்படும் நிலக்கம்பியிற் பாயும். உடனே பியூஸேனும் தற்செயற் சுவிட்சேனும் இணைப்பைத் துண்டிக்கும்.

ஆகவே இங்கு இரண்டாங் காப்பிற் பாதி ஆலையிலும் பாதி வீட்டுச் சுவரிலும் உள்ளது. சுவரிலுள்ள மூன்றாந் துளை நிலக்கம்பியில்லாத வெறுந்துளையாயின், ஆலையிற் செய்த பாதி பயனற்றுப்போம். அத்தகைய வாடகை அறையொன்றில், பகலெல்லாம் யந்திரஞ் செய்த தொழிலாளியின் கையே, மாலையில் ஈரத்தோடு பழுதுற்ற யந்திரத்தைத் தொட நேரலாம். நம் நாட்டு வீடுகளில் வருவது 230 வோல்ட். உடலிற் பாயும் மின்னோட்டம் ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியர் ஆனாற் பற்றிய கை விடாது. 30 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்டு நீடிப்பின் இதயம் நிலைகுலைந்து உயிர் நீங்கவுங் கூடும். பியூஸ் இச்சிறு அளவை உணராது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியோ, செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு கண்ட கணத்தில் இணைப்பை அறுத்துவிடும். எனினும் அது நிலக்கம்பிக்குத் துணையேயன்றி மாற்றன்று.

நம்மிற் சிலர் கல்லூரி நீங்கியபின் அத்தொழிற்களத்திலேயே பணியேற்று, வாடகை அறையில் வாழக்கூடும். அறை புகுமுன் வாடகையையும் தண்ணீரையும் வினவும் நாம், நிலக்கம்பி உளதா என்பதையும் வினவி, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதித்தறிதல் நம் கடமையாகும்.