பழைய டிராவலருக்கு கரண்ட்: தம்பிக்கு அக்கா சொல்றது

தம்பி, நீ வாட்ஸ்அப்ல அனுப்பின லிஸ்ட்டைப் பார்த்தேன். ஃபேன் ரெண்டு, லைட்டு, போன் சார்ஜர், குட்டி ஃபிரிட்ஜ், மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு, டிவி. கடைசியா, "எத்தனை வாட்ஸ் இன்வெர்ட்டர் வாங்கட்டும்க்கா?"னு ஒரு கேள்வி. எல்லாரும் இங்கதான் ஆரம்பிக்கிறாங்க. இன்வெர்ட்டர் கடைசியா வாங்க வேண்டிய சாமான்டா. வாங்காமலே வண்டி ஓடுச்சுன்னா இன்னும் நல்லது.

கேரவன்னா நம்ம ஊர்ல சினிமா ஷூட்டிங்தான் ஞாபகத்துக்கு வரும். அதுல ஜெனரேட்டர் இருக்கும், டீசலுக்குக் காசு கொடுக்கத் தயாரிப்பாளர் இருப்பார். கேரளாக்காரங்க 2021ல கேரவன் சுற்றுலாவுக்குன்னே ஒரு கொள்கை அறிவிச்சாங்க. அதுல வர்றது கம்பெனியிலயே அளவெடுத்துக் கட்டின வண்டி. உன்னோடது திண்டிவனத்துல டூர் ஓட்டிக் களைச்சுப்போன பழைய டெம்போ டிராவலர். 1987ல பஜாஜ் டெம்போ இறக்கின மாடல். அந்தக் கம்பெனி 2005ல ஃபோர்ஸ் மோட்டார்ஸ்னு பேரை மாத்திக்கிட்டது. உன் வண்டித் தகட்டுல இன்னும் பஜாஜ் டெம்போன்னு இருந்தா, ஒயரிங்குக்கு என்ன வயசுன்னு நீயே கணக்குப் போட்டுக்கோ.

அதனால முதல் வேலை எதையும் மாட்டுறது இல்ல, கழட்டுறது. டூர் வண்டின்னா ஒவ்வொரு ஓனரும் தன் பங்குக்கு ஒண்ணு மாட்டியிருப்பான்: மின்னுற லைட்டு, ஆம்ப்ளிஃபயர், டிவி, மூணு விதமான ஹாரன். டேஷ்போர்டு கவரைக் கழட்டிப் பாரு. சாவிக்குப் போற ஒயரை நடுவுல சுரண்டி, அதுமேல அஞ்சாறு பேர் முறுக்கி வெச்சிருப்பாங்க. மேல சுத்தின இன்சுலேஷன் டேப் நம்ம சித்திரை வெயில்ல உருகி, பிசினா விரல்ல ஒட்டும். ஃபியூஸ் பெட்டியில ஒரு இடத்துல ஃபியூஸுக்குப் பதிலா செப்புக் கம்பி கண்டிப்பா இருக்கும். இதையெல்லாம் எடுத்துட்டு, கம்பெனி கொடுத்த ஒயரிங் மட்டும் மிஞ்சுற வரைக்கும் புதுசா ஒரு லைட்டுகூட மாட்டாதே. நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டிட்டுத்தான் கையை உள்ள விடணும், மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. மோதிரம், காப்பு, வாட்ச் எதுவும் கையில இருக்கக் கூடாது. ஸ்பேனர் பாசிட்டிவையும் பாடியையும் ஒண்ணாத் தொட்டுச்சுன்னா அந்த இடத்துலயே வெல்டிங்தான்.

அடுத்தது கூட்டல் கணக்கு. வாட்ஸை வோல்டால வகுத்தா ஆம்பியர், அவ்வளவுதான். 12 வோல்ட்ல ஓடுற ஃபேன் சுமாரா 20 வாட்ஸ். ரெண்டு ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினா 320 வாட்-மணி. எல்.இ.டி. லைட்டு எல்லாம் சேர்ந்து 10 வாட்ஸ், அஞ்சு மணி நேரத்துக்கு 50. நாலு போனுக்கு ஒரு 60. மொத்தம் 430. இதை 12 ஆல வகுத்தா 36 ஆம்பியர்-மணி. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழ இறக்கினா சீக்கிரம் செத்துப்போகும், அதனால இந்தக் கணக்கை ரெண்டால பெருக்கு. 72 வருது. 100 ஏஎச் பேட்டரி ஒண்ணு போதும்.

இப்ப ஃபிரிட்ஜைச் சேர்த்துப் பாரு. 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 50 வாட்ஸ் இழுக்குதுன்னு வை. வெயில்ல நாள்ல பாதி நேரமாவது ஓடும். அது ஒண்ணே 600 வாட்-மணி. பேட்டரி, சார்ஜர், ஒயர் எல்லாமே ரெண்டு மடங்குக்கு மேல போகும். ரெண்டு நாள் டூருக்கு நல்ல ஐஸ் பெட்டி வாங்கி, கிளம்பும்போது ஐஸ் கட்டி போட்டுக்கோன்னுதான் நான் சொல்வேன். வீட்ல அவ ஒத்துக்க மாட்டா, தெரியும். முதல் வருஷம் மட்டும் ஓட்டிப் பாருங்க.

இண்டக்‌ஷன் அடுப்பை லிஸ்ட்லேர்ந்து அடிச்சிடு. 2000 வாட்ஸ், 12 வோல்ட்ல 167 ஆம்பியர். இன்வெர்ட்டர்ல போற நஷ்டத்தையும் சேர்த்தா 190 கிட்ட வரும். சாம்பார் கொதிக்கிற வரைக்கும் அந்த அளவு கரண்ட்டை ஒரு பேட்டரிகிட்ட கேட்கக் கூடாது. மிக்ஸி பரவாயில்ல, ரெண்டு நிமிஷ வேலை. அதுக்கும் சட்னியை வீட்லயே அரைச்சுக்கிட்டுப் போறது உத்தமம். டிவி, ஃபேன், லேப்டாப் சார்ஜர் எல்லாம் இப்ப 12 வோல்ட்லயே கிடைக்குது. 12ஐ 230 ஆக்கி, சார்ஜருக்குள்ள மறுபடியும் இறக்குறதுல கரண்ட் வீணாப் போறதுதான் மிச்சம்.

இந்தக் கரண்ட் எங்கேர்ந்து வரணும்? இன்ஜின் பேட்டரியைத் தொடாதே. அது செல்ஃப் எடுக்க மட்டும். அஞ்சு செகண்ட் ஓங்கிக் கொடுத்துட்டு உடனே டைனமோகிட்ட வாங்கிக்கிறதுக்குன்னு செஞ்ச பேட்டரி அது. ராத்திரி முழுக்க ஃபேன் ஓட்டினா, காலையில திருவண்ணாமலை கிரிவலப் பாதையில வண்டியைத் தள்ளிக்கிட்டு நிப்பீங்க. அதுக்காக இன்ஜினை ஓடவிட்டுட்டு உள்ள தூங்குறாங்க பாரு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி பார்க்கிறேன், வயித்தைக் கலக்குது. நின்ன இடத்துல ஓடுற இன்ஜினோட புகை உள்ள நுழைஞ்சா வாசனையே தெரியாத விஷம், எழுந்திருக்கவே மாட்டாங்க. ஃபேனுக்குன்னு தனி பேட்டரி வேணும்னு நான் அடம்பிடிக்கிறதுக்கு முக்கியக் காரணம் இதுதான்.

அந்த ரெண்டாவது பேட்டரி என்ன ரகம்? வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுற உயரமான டியூபுலரை வண்டியில ஏத்தாதே. 150 ஏஎச்னா ஐம்பது கிலோவுக்கு மேல. செஞ்சி ரோட்டு வளைவுல ஆசிட் தளும்பும். சீல் பண்ணின டீப் சைக்கிள் ரகமாக் கேளு. காசு இருந்தா லித்தியம் அயர்ன் பாஸ்பேட். எடை பாதிகூட இருக்காது, முக்கால் பங்குக்கு மேல தைரியமா இறக்கலாம். ஆனா அதை டைனமோவோட நேரா கோக்கக் கூடாது. வயிறு நிறையுற வரைக்கும் இழுத்துக்கிட்டே இருக்கும், பழைய டைனமோ சூடாகி வெந்துபோகும். நடுவுல டிசி-டிசி சார்ஜர் வெச்சாகணும். லெட் ஆசிட்னா வோல்டேஜ் பார்த்து வேலை செய்ற ரிலே போதும்: இன்ஜின் ஓடி 13.3 வோல்ட் தாண்டினா ரெண்டு பேட்டரியையும் சேர்க்கும், 12.8க்கு இறங்கினா பிரிச்சு விட்டுடும். புது வண்டிகள்ல டைனமோ வோல்டேஜைக் கம்ப்யூட்டர் ஏத்தி இறக்கிக்கிட்டே இருக்கும், இந்த ரிலே தடுமாறும். உன் பழைய வண்டியில அந்தத் தலைவலி கிடையாது.

ஓட்டினா சார்ஜ் ஆயிடும்னு ரொம்ப நம்பாதே. திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் நம்ம வீட்டுக்கு வர முக்கால் மணி நேரம். 20 ஆம்பியர் சார்ஜர் அதுக்குள்ள கொடுக்கிறது 15 ஆம்பியர்-மணி. ஒரு ராத்திரி செலவு 36 இல்லையா? அது திரும்ப ஏற சென்னை வரைக்கும் ஓட்டணும். அதனால கூரைமேல 100 வாட்ஸ் சோலார் பேனல் ஒண்ணு போடு, கன்ட்ரோலரோட. நம்ம பக்கத்து வெயிலுக்குத் தட்டையாப் படுத்துக்கிடந்தாலும் நாளைக்கு 350, 400 வாட்-மணி தரும். நிழல்ல வண்டியை விட்டுட்டு எங்கிட்ட கேட்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில அதை நம்பியும் கிளம்பக் கூடாது.

இனி ஒயர். எல்லாரும் மிச்சம் பிடிக்கிறது இதுலதான், வண்டி எரியுறதும் இதாலதான். பேட்டரி டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி, ஃபிரிட்ஜும் ஃபேனும் கடைசியில. போக 5 மீட்டர், வர 5 மீட்டர். 10 ஆம்பியர் ஓடினா 1.5 ஸ்கொயர் எம்எம் செப்பு ஒயர் வழியிலேயே ஒரு வோல்டுக்கு மேல தின்னுடும். 6 ஸ்கொயர் எம்எம் போட்டா 0.3 வோல்ட்தான் போகும். வீட்ல 230ல ஒரு வோல்ட் போனா யாருக்கும் தெரியாது. இங்க 12ல ஒண்ணு போனா ஃபேன் சுணங்கும், ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் தானா நின்னுடும். கடைக்காரர் ஃபிரிட்ஜை மாத்தச் சொல்வார், நீயும் மாத்துவே, அதுவும் நிக்கும்.

வாங்கும்போது நுனியைக் கத்தியால சுரண்டிப் பாரு. உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா செப்பு முலாம் பூசின அலுமினியம். வேண்டாம்னு வெச்சிட்டு வா. நிறைய இழை உள்ள மெத்துன்னு வளையுற ஒயரா இருக்கணும். ஒத்தைக் கம்பி, வண்டி ஆட்டத்துல உள்ளுக்குள்ளயே முறிஞ்சிடும். நுனிக்கு லக் போட்டு, கிரிம்பிங் கருவியால அழுத்தி, மேல ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். கட்டிங் பிளையரால நசுக்கிவிட்டு "டைட்டா இருக்குக்கா"ன்னு சொல்லாதே, இழுத்துக் காட்டு. தகட்டை ஓட்டை போட்டு ஒயரை விடுற இடத்துல எல்லாம் ரப்பர் புஷ் இருக்கணும்.

ஃபியூஸ் எதைக் காப்பாத்துதுன்னு கேட்டா ஃபேனை, டிவியைன்னு சொல்றாங்க. இல்ல, ஒயரை. அதனால ஃபியூஸ் ஃபேன் பக்கத்துல இல்ல, பேட்டரி பாசிட்டிவ்லேர்ந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள. ரெண்டு பேட்டரிக்கு நடுவுல போற ஒயர்ல ரெண்டு முனையிலயும் வேணும், ரெண்டு பக்கத்துலேர்ந்தும் கரண்ட் வருதே! 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயருக்கு 15 ஆம்பியர் நீல ஃபியூஸைத் தாண்டாதே, 6க்கு 30 ஆம்பியர் பச்சை. ஃபியூஸ் போச்சுன்னா பெருசு போடுறது மருந்து இல்ல. எங்க ஷார்ட்னு தேடு. பேட்டரிலேர்ந்து ஒரே ஒரு தடிமன் ஒயர் போய், ஒரு புது ஃபியூஸ் பெட்டியில இறங்கி, அங்கேர்ந்து ஃபேன், லைட்டு, சார்ஜர்னு தனித்தனியாப் பிரியட்டும். பழைய ஃபியூஸ் பெட்டியில ஒரு கொக்கிகூடப் போடாதே.

எர்த் விஷயத்துல சோம்பல் படாதே. பழைய பாடியில பெயின்ட்டுக்கு அடியில துரு இருக்கும். பளபளன்னு தகடு தெரியுற வரைக்கும் தேய்ச்சு, லக்கை முடுக்கி, மேல வாசலின் தடவு. மரக்காணம் பக்கம் கடலோரத்துல நிறுத்தி வெச்சா உப்புக் காத்துல டெர்மினல் பச்சை பூத்துடும், வந்ததும் ஒரு தடவை பாரு.

பேட்டரிப் பெட்டியைத் தரையிலேர்ந்து உயர்த்தி வை. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் கரை கடந்தப்ப மயிலம், விழுப்புரம், திண்டிவனம் எப்படி மிதந்துச்சுன்னு நீயே பார்த்தே. படிக்கட்டுப் பள்ளத்துல பேட்டரி வெச்சவங்க கதி என்ன ஆகும்? ரெண்டு மூணு பட்டை போட்டு இறுக்கிக் கட்டு, சடன் பிரேக்ல அது குண்டு மாதிரி முன்னாடி வரும். லெட் ஆசிட் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். பெட்டிக்கு வெளிக்காத்து வழி வேணும். கேஸ் சிலிண்டர் இருக்கிற அறையில பேட்டரியோ ரிலேயோ கூடவே கூடாது. கேஸ் காத்தைவிடக் கனம், கசிஞ்சா தரையோட தவழ்ந்து வந்து ரிலே பொறிக்காகக் காத்திருக்கும். 2023 ஆகஸ்ட் 26ஆம் தேதி மதுரை ஸ்டேஷன்ல நின்ன சுற்றுலா ரயில் பெட்டியில, பயணிகள் கொண்டுவந்த சிலிண்டரால தீப்பிடிச்சு 9 பேர் செத்துப்போனாங்க. மூடின வண்டிக்குள்ள தீ எவ்வளவு சீக்கிரம் பரவும்னு அதைப் படிச்சவங்களுக்குத் தெரியும். கதவுப் பக்கத்துல கைக்கு எட்டுற மாதிரி ஒரு தீயணைப்பான் மாட்டு.

எங்க வீட்டு வாசல்ல நிறுத்தி பிளக் போட்டு சார்ஜ் பண்ணிக்கோ, தாராளமா. ஆனா வீட்டு 230 வோல்ட் வண்டிக்குள்ள நுழையுற இடத்துல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கணும், எர்த் ஒயர் வண்டி பாடியில சேரணும். டயர் ரப்பர். உள்ள ஃபேஸ் எங்கயாவது பாடியைத் தொட்டாலும் வண்டி பேசாம நிக்கும். மழைத் தண்ணியில வெறுங்காலோட நிக்கிற குழந்தை கைப்பிடியைப் பிடிச்சு ஏறும்போதுதான் தெரியும். இன்வெர்ட்டர் வெச்சே தீருவேன்னா, அதோட அவுட்புட்டும் வீட்டு லைனும் ஒரு காலத்துலயும் சந்திக்காத மாதிரி சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடு.

சீட்டைக் கழட்டிப் படுக்கை போடுற யோசனை இருந்தா, அதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுடு. ஆர்.சி.யில இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு சொல்லுது. இன்ஷூரன்ஸ்காரங்ககிட்டயும் எழுதிக் கொடுத்துடு. பக்கத்துத் தெருக்காரர் பஸ் வாங்கியிருக்காரே, அவர்கிட்ட இதை அப்படியே சொல்லாதே: பெரிய பஸ், லாரி எல்லாம் 24 வோல்ட். அதுல ஒரு பேட்டரிலேர்ந்து மட்டும் 12 எடுத்தா ரெண்டும் சமமில்லாமக் கெட்டுப்போகும், கன்வெர்ட்டர் வேணும்.

எல்லாம் மாட்டி முடிச்சப்புறம் உடனே டூர் கிளம்பாதே. எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு லக்கையும் ஃபியூஸையும் விரலால தொட்டுக்கிட்டே வா. சுடுற இடத்தைக் கழட்டி மறுபடியும் போடு. அன்னிக்கு ராத்திரி வீட்டு வாசல்லயே வண்டிக்குள்ள ஃபேன் போட்டுப் படுங்க. காலையில எல்லாத்தையும் ஆஃப் பண்ணி அரை மணி கழிச்சு மீட்டரை வை. லெட் ஆசிட்ல 12.4 காட்டினா மயிலம், செஞ்சி எங்க வேணாலும் போகலாம். 12.2க்குக் கீழ இருந்தா கணக்கு எங்கயோ உதைக்குது, மாமாவுக்கு ஞாயித்துக்கிழமை கடை லீவுதான், வண்டியை இங்க கொண்டுவா.